பட்டத்துக்குப் பின் இரண்டு ஆண்டுகள்

ஜவ்வாது மலையின்மேல் புதூர்நாட்டில் பிறந்து, உண்டு உறைவிடப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, சுவரிலும் சிலேட்டிலும் நோட்டுப் புத்தகத்தின் ஓரங்களிலும் இடைவிடாமல் சித்திரம் எழுதிவந்த ஒரு பெண், யாரோ ஓர் ஆசிரியர் சொன்ன வார்த்தையை நம்பிச் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரிக்கு விண்ணப்பித்து, அங்கே இடமும் பெற்றுவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதையில் திருப்பத்தூர் வந்து, ஜோலார்பேட்டையில் ரயிலேறி, பெற்றோர் அரைமனத்தோடு அனுப்ப, அவள் பட்டணம் போகிறாள். நான்கு ஆண்டுகளில் கோடும் வர்ணமும் அவள் கைக்கு வசப்படுகின்றன, பட்டமும் கிடைக்கிறது. மறுநாள் காலையில் அவள் எங்கே போவாள், யாரிடம் போவாள் என்பதற்கு நம் கலைக்கல்வி இன்றுவரை ஒழுங்கான ஏற்பாடு எதையும் செய்துவைக்கவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

பெரும்பாலும் நடப்பது நமக்குத் தெரிந்ததுதான். கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் கடையிலோ, பிளெக்ஸ் அச்சிடும் இடத்திலோ, தனியார் பள்ளியின் ஓவிய வகுப்பிலோ ஒரு வேலை அகப்படுகிறது. அந்த வேலைகளில் எதுவும் இழிவன்று; உழைத்து உண்பவர் எவரும் வணக்கத்துக்குரியவரே. ஆனால் வேறு வழி உண்டா என்று விசாரித்துத் தெரிந்துகொள்ளக்கூட ஆளின்றி, தெரிந்த ஒரே வாசலில் நுழைந்துவிட்ட பிள்ளையை, அவளே விரும்பித் தேர்ந்துகொண்டாள் என்று சொல்வது நியாயமாகாது.

இந்தச் சங்கடத்தைத் தம் சொந்தச் சங்கடமாக எடுத்துக்கொண்ட ஒரு முதல்வர் அதே கல்லூரியில்தான் இருந்தார். கே. சி. எஸ். பணிக்கர், குடும்ப பாரத்தைச் சுமப்பதற்காகப் படிப்பை நிறுத்தித் தந்தி இலாகாவில் உத்தியோகம் பார்த்து, 1936-இல், தம் இருபத்தைந்தாம் வயதில்தான், சென்னைக் கலைப்பள்ளியில் மாணாக்கராகச் சேர்ந்தவர். ஆகையால் சோற்றுக்கும் சித்திரத்துக்கும் நடுவே ஒருவன் படும் அவஸ்தை இன்னதென்று அவருக்குப் பிறர் சொல்லித் தெரியவேண்டியிருக்கவில்லை. 1957-இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரிக்குப் பிறகு முதல்வராக அமர்ந்த அவர், திறமைசாலிகளான மாணாக்கர்கள் வெளியேறிய சில ஆண்டுகளிலேயே ஜீவனத்தின் பொருட்டு ஓவியத்தைக் கைவிடுவதைப் பார்த்து, வருத்தப்பட்டதோடு நின்றுவிடவில்லை. ஓவியர்களின் கைத்தொழிற் சங்கம் ஒன்றை ஏற்படுத்தி, பாத்திக் துணியும் தோல் வேலையும் உலோக வேலையும் செய்து விற்க வழி வகுத்து, அவ்வாறு சேர்ந்த பணத்தில் ஈஞ்சம்பாக்கத்துக் கடலோரத்தில் பத்து ஏக்கர் அளவு நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தோற்றுவித்தார். பகலில் ஒரு பகுதி கைத்தொழிலுக்கு, மீதி நேரம் அவரவர் கலைக்கு என்பது அங்கே ஏற்பட்ட நியமம். சுல்தான் அலி, வாசுதேவ், சேனாதிபதி, நந்தகோபால் முதலியோர் அந்த மணலில் வேரூன்றியே தேசம் அறியும் கலைஞர்களாயினர். மாணாக்கனின் கோட்டைத் திருத்தும் ஆசிரியர் பலர் உண்டு. அவன் மாதக் கணக்கைத் தம் கவலையாக வைத்துக்கொண்ட ஆசிரியர் அபூர்வம். பணிக்கரின் சித்திரங்களைவிட இந்தக் காரியத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன் என்று சொன்னால் கலை விமரிசகர்கள் என்னை மன்னிக்கவேண்டும்.

துறையூர்ப் பக்கத்துக் கீராம்பூரிலிருந்து பட்டணம் வந்த ஓவியர் ஆதிமூலத்துக்குச் சிற்பி தனபாலின் ஆதரவு கிடைத்திராவிட்டால் அவர் கல்லூரி வாசலை எப்படி மிதித்திருப்பாரோ, சொல்ல முடியாது. பின்னாளில் நெசவாளர் சேவை மையத்தில் பணிபுரிந்துகொண்டே அவர் தம் கோட்டைக் கூர்தீட்டியதையும், கி. ராஜநாராயணன் ஜூனியர் விகடனில் எழுதிய ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு அவர் எழுதிய சித்திரங்கள் லட்சக்கணக்கான வீடுகளுக்குள் நுழைந்ததையும் நினைக்கும்போது, உத்தியோகமும் பத்திரிகை வேலையும் கலைக்குப் பகையென்று பிள்ளைகளைப் பயமுறுத்துவது எவ்வளவு தவறு என்பது விளங்கும்.

வழிகாட்டுதல் என்றால் உபதேசம் என்று பலர் கருதுகிறார்கள். உண்மையில் அது மிகச் சிறிய காரியங்களால் ஆனது. மாணவி கொண்டுவந்த நாற்பது சித்திரங்களைத் தரையில் பரப்பி, எவை அவளுடைய சொந்தக் கண்ணிலிருந்து பிறந்தவை, எவை ஆசிரியரைப் பார்த்துப் பழகியவை என்று பிரித்து, பன்னிரண்டை மட்டும் எடுத்து வைப்பது. ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பெயர், ஆண்டு, அளவு, எந்த வர்ணம், எந்தத் தாள் என்று பென்சிலால் எழுதச்செய்வது. கண்ணாடிச் சட்டம் போடுமுன்பே காலை வெளிச்சத்தில் புகைப்படம் எடுத்துவைக்கச் சொல்வது. காட்சிக்கூடத்தாரிடம் ஒப்படைக்கும்போது கையொப்பமிட்ட ரசீது வாங்கவும், விற்ற விலையில் அவர்கள் எடுத்துக்கொள்ளும் பங்கு மூன்றில் ஒன்றா, பாதியா என்று முன்கூட்டியே கேட்கவும் கூச்சம் தெளிவிப்பது. சட்டத்திலும் அறியவேண்டியது உண்டு. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியத்தை விற்பதனால் மட்டும் அதன் பதிப்புரிமை கைமாறுவதில்லை. அதை மாற்றிக்கொடுக்க எழுத்து வேண்டும். ஆனால், ஒருவர் பணம் கொடுத்துத் தமக்காகத் தீட்டச் சொன்ன ஓவியமாயின், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், அந்த உரிமை ஆரம்பத்திலேயே பணம் கொடுத்தவரைச் சேர்ந்துவிடுகிறது. இந்த வித்தியாசத்தை நான்கு ஆண்டுப் படிப்பில் யாரும் சொல்லாமல் விட்டால், அந்தப் பெண் தன் உழைப்பின் பலனைத் தானறியாமலே இழக்க நேரிடும்.

மலைவாழ் மக்களின் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் தீவிரமாகிறது. மத்தியப் பிரதேசத்துக் கோண்டு இளைஞர் ஜங்கட் சிங் ஷியாமை, 1980களின் தொடக்கத்தில் ஓவியர் சுவாமிநாதன் போபாலின் பாரத் பவனுக்கு வரவழைத்து, காகிதமும் வர்ணமும் அச்சுக்கூடமும் கொடுத்து ஊக்கினார். 1989-இல் பாரிஸின் பெருங்கண்காட்சி ஒன்றில் ஜங்கட்டின் சித்திரங்கள் உலகத்தார் முன் நின்றன. சுவாமிநாதன் 1994-இல் காலமானார். 2001-இல் ஜப்பானில், ஓர் அருங்காட்சியகத்துக்காகத் தங்கி வேலை செய்துகொண்டிருந்த ஜங்கட், தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அந்தத் துயரத்தின் காரணத்தை நான் நிர்ணயிக்கத் துணியவில்லை. கடல் கடந்த இடத்தில், மொழி தெரியாத சூழலில் தங்கி வேலை செய்யும் கலைஞருக்கு ‘இந்த நிபந்தனைக்குச் சம்மதிக்காதே’ என்றோ ‘திரும்பி வா’ என்றோ உரிமையோடு சொல்லும் மூத்தவர் ஒருவர் வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். அதே ஜங்கட், உயிரோடிருந்த காலத்தில், தம் உறவினரைப் போபாலுக்கு அழைத்துத் தம் வீட்டையே பயிற்சிக்கூடமாக்கியவர். காவல் வேலை பார்த்துக்கொண்டிருந்த பஜ்ஜு ஷியாம் அங்கே உதவியாளராக இருந்து சித்திரம் பயின்றார். 2004-இல் சென்னையின் தாரா பதிப்பகம் அவருடைய லண்டன் அனுபவங்களைச் சித்திர நூலாக வெளியிட்டது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

நம் மலையும் அடிவாரமும் கலைக்குப் புதியவை அல்ல. ஜவ்வாதிலும் செங்கம் பகுதியிலும் வீரனின் உருவத்தைக் கல்லில் செதுக்கி நட்டார்கள். இதே திருப்பத்தூர் மாவட்டத்து அர்மாமலைக் குகையில் சமணர் தீட்டிய, ஏறக்குறைய எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த வர்ணங்கள் மங்கியும் மறையாமலும் இருக்கின்றன. மலையின் தெற்கே, திருவண்ணாமலையில் பிறந்த ஓவியர் சந்தானராஜ் சென்னைக் கல்லூரியின் முதல்வராகவே உயர்ந்தார். ஆதலால் புதூர்நாட்டுப் பிள்ளைக்குக் குறை கையிலும் இல்லை, கண்ணிலும் இல்லை. பட்டணத்துப் பிள்ளைக்குச் சிற்றப்பாவோ, அப்பாவின் சிநேகிதரோ போகிறபோக்கில் சொல்லிவிடும் விவரத்தை அவளுக்குச் சொல்ல யாருமில்லை, அவ்வளவே. மத்திய கலாசார அமைச்சகம் பதினெட்டு முதல் இருபத்தைந்து வயது வரையுள்ள இளங்கலைஞருக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு உதவித்தொகை வழங்கும் திட்டம் ஒன்று உண்டு. அதற்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்வார் யார்?

ஆகவே என் வேண்டுகோள் இது. சென்னை, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரிகளும் மாமல்லபுரத்துச் சிற்பக் கல்லூரியும், மூன்றாம் ஆண்டு தொடங்கும்போதே ஒவ்வொரு மாணாக்கரையும், கலையால் ஜீவனம் நடத்தும் ஒரு மூத்த கலைஞரிடம் ஒப்படைக்கட்டும்; அந்தப் பொறுப்பு பட்டமளிப்போடு முடியாமல் மேலும் இரண்டு ஆண்டுகள் தொடரட்டும். மூத்தவருக்கு அரசு ஊதியம் கொடுக்கவேண்டும். இலவச சேவையை நம்பிச் செய்யும் ஏற்பாடு நீடிப்பதில்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்களுக்கும் மலைப்பகுதியிலிருந்து வந்தவர்களுக்கும் முன்னுரிமை வேண்டும். மாணவிகளுக்குப் பெண் கலைஞர்களே வழிகாட்டிகளாக அமைவது பெற்றோரின் அச்சத்தையும் பெரிதும் போக்கும். வழிகாட்டி ஆண்டில் ஒருமுறையேனும் மாணவியின் ஊருக்கு வந்து, பெற்றோரோடு உட்கார்ந்து, அவள் செய்யும் தொழில் இன்னது, அதில் வரும்படி இவ்வளவு, வராத மாதங்களும் உண்டு என்று ஒளிவுமறைவின்றிப் பேசவேண்டும். இதற்குப் புதுக் கட்டடமும் வேண்டாம், புதுச் சட்டமும் வேண்டாம். ஓர் அரசாணையும் ஒரு சிறு நிதி ஒதுக்கீடும் போதும். வரும் கல்வியாண்டில் மூன்றாம் ஆண்டுக்குச் செல்லும் வகுப்பிலிருந்தே தொடங்கிவிடலாம்.