சட்டம் போட்டு எடுத்த சேமலாபப் பணம்



உங்கள் சம்பளச் சீட்டில் ஊழியர் சேமலாப நிதி என்று ஒரு வரி இருக்கும். நாள் சம்பளத்தில் 8 வீதம் உங்களிடமிருந்து வெட்டப்படுகிறது. தொழில் தருநர் 12 வீதம் போட வேண்டும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் அந்தப் பணம் கைக்கு வரும். ஓய்வூதியம் இல்லாத தொழிலாளிக்கு வேறு எந்த முதலும் கிடையாது. லயத்தில் ஒரு காம்பறா கூடச் சொந்தமில்லை. மகளுக்குச் சீதனமோ, பேரனுக்குப் படிப்போ, கண் சத்திரசிகிச்சையோ எல்லாம் இந்த ஒரு பணத்தை நம்பித்தான்.

2023ஆம் ஆண்டு யூலை முதலாம் திகதி, ஒரு சனிக்கிழமை, பாராளுமன்றத்தைக் கூட்டி இந்தப் பணத்தின் மேல் கை வைத்தார்கள். ஆதரவாக 122 வாக்கு, எதிராக 62. முதல் நாள் வங்கிகளுக்கு விடுமுறை. அதற்கு "உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு" என்று பெயர். அன்றைக்கு ஜனாதிபதியும் நிதி அமைச்சரும் ரணில் விக்ரமசிங்க. கை தூக்கியவர்களில் பெரும்பாலோர் ராஜபக்சக்களின் மொட்டுக் கட்சி உறுப்பினர்கள். நாட்டை வங்குரோத்தாக்கியவர்களே கூடி உட்கார்ந்து, நட்டத்தை யார் தலையில் கட்டலாம் என்று தீர்மானித்த நாள் அது.

என்ன செய்தார்கள் என்பதை எளிதாகச் சொல்வோம். சேமலாப நிதியில் 3 இலட்சம் கோடி ரூபாவுக்கு மேல் இருக்கிறது. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் அரசாங்கத்துக்குக் கடனாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. இதற்கான பத்திரம்தான் திறைசேரி முறி. கடன் வாங்கிய அரசாங்கம், "உங்களிடமுள்ள பழைய முறியைத் தாருங்கள், புதிய முறி தருகிறோம், 2025 வரை 12 வீத வட்டி, அதன்பின் 9 வீதம்தான்" என்றது. சம்மதிக்காவிட்டால்? நிதியத்தின் வருமானத்துக்கு 14 வீதமாக இருந்த வரி 30 வீதமாகும். கழுத்தில் கத்தியை வைத்துவிட்டு விருப்பமா என்று கேட்பதை நம்மூரில் விருப்பம் என்று யாரும் சொல்வதில்லை. நமது பணத்தை ஆளும் மத்திய வங்கி நம்மிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சரி என்றது.

வங்கிகளிடமும் திறைசேரி முறிகள் இருந்தன. தனியார் முதலீட்டாளர்களிடமும் இருந்தன. அவற்றைத் தொடவில்லை. வங்கிகள் ஏற்கெனவே கூடிய வரி கட்டுகின்றன, அவற்றைத் தொட்டால் நிதித்துறையே ஆட்டம் காணும் என்று விளக்கம் சொன்னார்கள். வங்கி ஆடினால் கொழும்பு ஆடும். கொழுந்து பறிக்கும் பெண்ணின் சேமிப்பு ஆடினால் யாருக்கும் தெரியாது. அந்த விளக்கத்தை நாங்கள் அப்படித்தான் விளங்கிக்கொண்டோம்.

இப்போது ஒரு மறுமொழி வரும். "9 வீதம் குறைவில்லையே, 2025இல் திறைசேரி உண்டியலுக்கே ஏறக்குறைய 8 வீதம்தானே கிடைத்தது?" அந்தக் கணக்கில் அது சரி. ஆனால் நட்டம் நடந்தது அப்போதல்ல. 2022 தொடக்கத்தில் கணக்கில் ஓர் இலட்சம் ரூபா வைத்திருந்த தொழிலாளிக்கு அந்த வருடம் கொடுத்த வட்டி 9 வீதம். வருட முடிவில் கணக்கில் 109,000. அதே டிசம்பரில் கொழும்பு விலைச்சுட்டி முந்திய டிசம்பரைவிட 57 வீதம் ஏறியிருந்தது. ஓர் இலட்சத்துக்கு வாங்கிய சாமானை வாங்க 157,000 வேண்டும். அப்படியானால் அந்த 109,000 ரூபாவின் உண்மைப் பெறுமதி 69,000தான். ஒரே வருடத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அடுத்த வருடம் 13 வீதம் கொடுத்தார்கள். அதையும் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய 75,000தான். இந்தப் பள்ளத்தை நிரப்பக்கூடிய ஒரே காலம் வட்டி உயர்ந்து நின்ற காலம். 2023 நடுப்பகுதியில் திறைசேரி உண்டியல் வட்டி 20 வீதத்துக்கு மேல். பணம் உள்ளவர்கள் அதில் போட்டு இழந்ததை மீட்டுக்கொண்டார்கள். நமது பணத்தைச் சரியாக அந்த நேரத்தில் பிடித்துக் கட்டிவைத்தார்கள். இன்று வட்டி இறங்கிய பிறகு "9 வீதம் நல்லதுதானே" என்றால், வெள்ளம் வடிந்த பிறகு தோணி தருவது போல.

இதே நிதியத்தில் இதற்கு முன்னும் கை வைத்திருக்கிறார்கள். 2015 பெப்ரவரி 27. மத்திய வங்கி 30 வருட முறிகளை 100 கோடி ரூபாவுக்கு ஏலம் விடுவதாக அறிவித்து, 1,000 கோடிக்கு மேல் ஏற்றுக்கொண்டது. அதில் பெரும் பங்கு போனது பேர்பெச்சுவல் ட்ரெசரீஸ் என்ற நிறுவனத்துக்கு. அது அப்போதைய ஆளுநர் அர்ஜுன மகேந்திரனின் மருமகன் குடும்பத்தோடு தொடர்புடையது. ஆளுநரைக் கொண்டுவந்தவர் அன்றைய பிரதமர் ரணில் விக்ரமசிங்க. சேமலாப நிதி நேரடியாக ஏலத்தில் மலிவாக வாங்கியிருக்கலாம். வாங்காமல் இருந்துவிட்டு, பின்னர் சந்தையில் கூடிய விலைக்கு வாங்கியது. ஜனாதிபதி ஆணைக்குழு விசாரித்து 2017 டிசம்பர் இறுதியில் அறிக்கை கொடுத்தது. அந்த நிறுவனத்தின் இலாபம் 1,100 கோடிக்கு மேல் என்றும், சேமலாப நிதி உட்பட அரச நிறுவனங்களின் நட்டம் 850 கோடிக்கு மேல் என்றும் வெளியானது. மகேந்திரன் நாட்டை விட்டுப் போனவர் போனவர்தான்.

அதற்கும் முன்னால், 2011இல், மகிந்த ராஜபக்ச அரசாங்கம் தனியார்துறை ஓய்வூதியச் சட்டமூலம் என்று ஒன்றைக் கொண்டுவந்து இதே பணத்தின் ஒரு பகுதியை எடுக்கப் பார்த்தது. கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தின் பிள்ளைகள் வீதிக்கு இறங்கினார்கள். பொலிஸ் சுட்டது. றொஷேன் சானக என்ற இளந் தொழிலாளி இறந்தான். சட்டமூலம் வாபஸ் வாங்கப்பட்டது. அன்று அந்தப் பிள்ளைகள் காப்பாற்றிய பணத்தைத்தான் பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை கை தூக்கி எடுத்தார்கள்.

கஜானா ஏன் காலியானது என்பதையும் மறந்துவிடக்கூடாது. 2019 டிசம்பரில் கோட்டாபய ராஜபக்ச பதவிக்கு வந்த கையோடு பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாக்கினார். பெரிய கம்பெனிகளுக்கும் பெரிய சம்பளக்காரருக்கும் கொண்டாட்டம். 2020 ஒக்டோபரில் ஒரு கிலோ சீனிக்கு 50 ரூபாவாக இருந்த வரியை 25 சதமாக்கினார்கள். கடையில் சீனி விலை இறங்கவில்லை. அரசாங்கம் இழந்த வரி 1,500 கோடிக்கு மேல் என்று பாராளுமன்றக் குழுவே கணக்குக் காட்டியது. பிறகு ஒரே இரவில் இரசாயன உரத்துக்குத் தடை. படுவான்கரையில் அந்தப் போகத்தில் வயல் மஞ்சளாக நின்றதைப் பார்த்தவர்களுக்கு நாம் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. மலையில் தேயிலையும் அப்படித்தான் நின்றது. 2023 நவம்பர் 14இல் உயர் நீதிமன்றம் மகிந்த, கோட்டாபய, பசில் ராஜபக்சக்களும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பானவர்கள், மக்கள் நம்பிக்கையை மீறியவர்கள் என்று தீர்ப்பளித்தது. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாகத் தலா 150,000 ரூபா. நமக்கு ஒரு சதமும் இல்லை.

செலவை வெட்டுகிறோம் என்றார்களே, எதை வெட்டினார்கள்? 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. இயந்திரப் படகுகள் கரையில் கிடந்தன, லயத்தில் அடுப்பும் விளக்கும் அணைந்தன. 2023 மார்ச் 9இல் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பணமில்லை என்றார்கள். அதே வருடம் பெப்ரவரியில் சுதந்திர தின விழாவுக்கு 20 கோடி ரூபா ஒதுக்கப் பணம் இருந்தது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாகி, சமையல் எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் வந்தது. வெட்டு என்றால் நமக்கு, விழா என்றால் அவர்களுக்கு.

இன்றைக்கு ஊழலுக்கு எதிராக வழக்குகள் நடக்கின்றன. நல்லது. 2025 மே மாதம், கரம் பலகை வாங்கிய ஊழலில் இரண்டு முன்னாள் அமைச்சர்களுக்கு 20, 25 வருடக் கடூழியச் சிறை கிடைத்தது. அரசுக்கு நட்டம் 5 கோடி 30 இலட்சம். ஆகஸ்டில் ரணில் விக்ரமசிங்க கைதானார். இலண்டன் பயணத்தில் 1 கோடி 66 இலட்சம் அரச பணத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று குற்றச்சாட்டு. வழக்கு நடக்கிறது, நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். ஆனால் தோழர்களே, கணக்கைப் பாருங்கள். கோடி, ஐந்து கோடிக்கு விலங்கு மாட்டுகிறார்கள். இலட்சம் கோடிகளைத் தொட்டதற்கு வழக்கு இல்லை, ஏனென்றால் அது சட்டப்படி நடந்தது. பூட்டை உடைத்தவன் திருடன், சட்டம் போட்டுத் திறந்தவர் சீர்திருத்தவாதி.

இந்த இடத்தில் இன்றைய அரசாங்கத்தையும் கேட்க வேண்டியிருக்கிறது. தேசிய மக்கள் சக்தி அன்று எதிர்த்தரப்பில் இருந்து இந்தக் கடன் மறுசீரமைப்பைத் தொழிலாளிக்கு விரோதமானது என்று பேசியது. நாமும் கைதட்டினோம். 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் நாடு முழுவதும் திசைகாட்டி வென்றது, மட்டக்களப்பு மாவட்டம் ஒன்றைத் தவிர. அதனால் மட்டக்களப்பார் கேள்வி கேட்டால் "நீங்கள் எங்களுக்குப் போடாதவர்கள்தானே" என்று சிலர் சிரிக்கிறார்கள். போட்டவர்களுக்கும் பதில் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை. அவர்கள் ஆட்சிக்கு வந்தபின் 2024 டிசம்பரில் வெளிநாட்டு முறிதாரர்களோடு ஒப்பந்தத்தை முடித்தார்கள். அதில் ஒரு விதி இருக்கிறது: நாட்டின் பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட வளர்ந்தால், அவர்களுக்குக் கொடுக்கும் தொகையும் கூடும். நியூயோர்க்கிலும் இலண்டனிலும் இருப்பவர்களுக்கு வளர்ச்சியில் பங்கு. அந்த வளர்ச்சிக்கு டொலர் தேடிக்கொடுக்கும் தேயிலைத் தொழிலாளிக்கும் ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைக்கும் 9 வீதம், அதற்கு மேல் பேச்சில்லை. இந்த விதியை நமக்கும் போடுங்கள் என்றுதான் கேட்கிறோம். வேறு எந்தப் புதுமையும் கேட்கவில்லை.

2025 முடிய 12 வீதம் 9 வீதமானது. ஆகவே இப்போது பேசாவிட்டால் பிறகு பேசிப் பயனில்லை.

சம்பளத்தையும் இதோடு சேர்த்தே பார்க்கவேண்டும். 2024 மே தினத்தில் கொட்டகலையில் 1,700 ரூபா என்று ரணில் அறிவித்தார். கம்பெனிகள் நீதிமன்றம் போயின. கடைசியில் அடிப்படைச் சம்பளம் 1,350 என்றும் மீதி 350 ஊக்குவிப்பு என்றும் பிரித்தார்கள். 2025 பெப்ரவரிப் பாதீட்டில் புதிய அரசாங்கமும் 1,700 என்றது. 2025இல் அடிப்படை 1,350ஆகவே இருந்தது. ஊக்குவிப்புக்குச் சேமலாப நிதி கிடையாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1,350க்கு இரு தரப்பும் சேர்த்து ஒரு நாளைக்கு 270 ரூபா நிதிக்குப் போகும். 1,700ம் அடிப்படையாக இருந்தால் 340. ஒரு நாளைக்கு 70 ரூபா, மாதம் 20 நாள் வேலை என்றால் 1,400, வருடத்துக்கு 16,800. கம்பெனிகள் சம்பளத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் பெயர் வைப்பது இதற்காகத்தான்.

அரசாங்கமே முதலாளியாக இருக்கும் தோட்டங்களின் கதை இன்னும் மோசம். ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஆகியவற்றின் தோட்டங்களில் தொழிலாளியின் சம்பளத்தில் வெட்டிய 8 வீதத்தைக்கூட நிதிக்குக் கட்டாமல் பல வருடம் நிலுவை வைத்தார்கள். தனியார் முதலாளி இதைச் செய்தால் தொழில் திணைக்களம் நீதிமன்றத்துக்குப் போகும். அரசாங்கம் செய்தால் அமைச்சரவைப் பத்திரம் போகும், வரும். பாதீட்டில் இந்த நிலுவைக்கு முழுத் தொகையும், தாமதக் கட்டணத்தோடு, ஒதுக்கப்பட வேண்டும்.

நமது பகுதிக்கு வருவோம். 1977இலும் 1983இலும் மலையிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து வாவிக்கு மேற்கிலும் வடக்கிலும் குடியேறிய குடும்பங்களில், தோட்டத்தில் வேலை செய்த காலத்துப் பணத்தை இன்னும் எடுக்காதவர்கள் இருக்கிறார்கள். செக்ரோலில் கணக்கப்பிள்ளை ஒரு பெயர் எழுதியிருப்பார், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் இருக்கும். லெட்சுமி லட்சுமியாவாள், முத்தையா முத்துவாவார். அந்த ஒரு எழுத்துக்காகத் தொழில் அலுவலகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் நடந்து செத்துப்போனவர்களும் உண்டு. இங்கே தென்னந்தோட்டத்திலும் முந்திரிக் காணிகளிலும் நாட்கூலிக்குப் போகிறவர்களில் பலருக்குக் கணக்கே திறக்கப்படவில்லை. ஒரு நாள் வேலை செய்தாலும் நிதி கட்டவேண்டும் என்பது சட்டம். காணிக்காரர் "நீங்கள் நிரந்தரம் இல்லையே" என்றால் நம்பாதீர்கள்.

கிளைக்கு வரும்போது பழைய பி கார்ட், அடையாள அட்டை, பிறப்புப் பதிவு, தோட்டத்தில் தந்த ஏதாவது சம்பளத் துண்டு இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். பெயர் மாறியிருந்தால் சத்தியக் கடதாசி எழுத உதவி செய்கிறோம். இறந்துபோனவரின் பணமானால் மரணச் சான்றிதழும் வேண்டும். பெயர் எழுதிய பட்டியலைப் பாதீட்டு விவாதம் தொடங்குவதற்கு முன் மாவட்டத்தின் எல்லாப் பாராளுமன்ற உறுப்பினர்களிடமும் கொடுக்கப்போகிறோம், ஆளும் கட்சி எதிர்க்கட்சி என்று பாராமல்.