வாய்க்காலைத் தாண்டினால்தான் பாண்டி!

செமஸ்டர் முடிந்த கையோடு "மச்சி, பாண்டி போலாமா?" என்று எவனாவது ஒருத்தன் ஆரம்பித்து வைப்பான். அதற்கு என்ன அர்த்தம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும் என்பதால், அம்மாவிடம் 'இண்டஸ்ட்ரியல் விசிட்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பும் ஜென்மங்களும் உண்டு. நாம் இந்த வாரம் பேசப்போறது அந்தப் பாண்டி இல்லை பாஸ். பகலில் தெளிவாக நடந்து பார்க்கிற பாண்டி.

பஸ்ஸில் இறங்கினதும் எல்லோரும் நேரா கடற்கரைப் பக்கம் ஓடுவீங்க. மஞ்சள் சுவர், காகிதப்பூ, நீலப் பலகையில் தமிழிலும் ஃபிரெஞ்சிலும் தெருப் பெயர். சுவரில் ஒரு காலை மடக்கி வைத்து ஒரு போட்டோ. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதோடு "பாண்டி பார்த்தாச்சு" என்று திரும்பினால், பாதி ஊரைத்தான் பார்த்திருக்கீங்க. ஊருக்கு நடுவே வடக்கு தெற்காக ஒரு பெரிய வாய்க்கால் ஓடுகிறது. அதற்குக் கிழக்கே ஃபிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த பகுதி. மேற்கே தமிழர் பகுதி. சாக்கடை நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த வாய்க்காலைத் தாண்டுங்க. விஷயமே அங்கேதான் இருக்கு.

அதற்கு முன் கொஞ்சூண்டு ஹிஸ்டரி, கொட்டாவி விடாமல் கேளுங்க. 1674-ல் ஃபிரான்சுவா மர்த்தேன் என்பவர் காலத்தில் ஃபிரெஞ்சுக்காரர்கள் இங்கே காலூன்றினார்கள். 1761-ல் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்து, கோட்டை, மாளிகை எல்லாவற்றையும் இடித்துத் தரைமட்டம் ஆக்கிவிட்டார்கள். 1765-க்குப் பிறகுதான் ஊர் மறுபடி எழுந்தது. ஆகவே "இது நானூறு வருஷத்து பில்டிங் சார்" என்று யாராவது அளந்தால், சிரித்துவிட்டு நகருங்க. தப்பிப் பிழைத்த அபூர்வங்களில் ஒன்று, தமிழர் பகுதியில் இருக்கும் ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு. கவர்னர் துய்ப்ளேவுக்கு துபாஷியாக இருந்தவர். 1736-லிருந்து ஊரில் நடந்ததை எல்லாம் நாட்குறிப்பாக எழுதிக்கொண்டே வந்தார். 1761 ஜனவரியில் ஊர் விழுந்தது. அதே மாதம் அவரும் போய்ச் சேர்ந்தார். உங்க பிளாக்கும் ஸ்டேட்டஸும் 250 வருஷம் கழித்து யாராவது படிப்பாங்களா, யோசிங்க!

அடுத்து வைசியாள் வீதி. கால்வே சுப்பராயச் செட்டி வீதி என்றும் சொல்வார்கள். தெருமுனையில் நின்று இரண்டு பக்கமும் பாருங்க. வாசலில் திண்ணை. அதற்கு மேலே மரத் தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம். ஒரு வீட்டுத் தாழ்வாரம் முடிகிற இடத்தில் அடுத்த வீட்டுத் தாழ்வாரம் தொடங்கும். அந்தக் காலத்தில் வழிப்போக்கன் வெயிலோ மழையோ படாமல் தெரு நெடுக நடக்கலாம், கால் வலித்தால் திண்ணையில் உட்காரலாம். யாரும் "யார் நீ" என்று கேட்கமாட்டார்கள். இப்போது தலையை நிமிர்த்தி மாடியைப் பாருங்க. கீழே சுத்தமான தமிழ் வீடு. மேலே வளைவு ஜன்னல், அலங்காரத் தூண், பலுசுக் கைப்பிடிச் சுவர் என்று ஃபிரெஞ்சு பாணி! வேட்டிக்கு மேல் கோட்டு போட்ட மாதிரி. இந்தக் கலப்பு வாய்க்காலுக்குக் கிழக்கே கிடைக்காது.

இந்தத் தெருவின் முகப்புகளை 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய யூனியன் உதவியோடு 'இன்டாக்' அமைப்பினர் வீட்டுக்காரர்களிடம் பேசிப் பேசிச் சீர்செய்தார்கள். 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதுகளில் இந்தத் தெருவும் இடம்பிடித்தது. சூப்பர். ஆனால் அங்கிருந்து நாலு தெரு தள்ளிப் போங்க. திண்ணையை உடைத்து பைக் ஏற ஸ்லோப் போட்ட வீடு, பாதி இடித்த வீடு, இடித்த இடத்தில் கண்ணாடி மாட்டி நிற்கும் கட்டடம் என்று வரிசையாக வரும்.

ஏன் இப்படி? வீட்டுக்காரர்களைத் திட்டுவது ஈஸி. கொஞ்சம் அவங்க நிலைமையில் நின்று பாருங்க. ஒரே வீட்டுக்குப் பத்துப் பதினைந்து வாரிசு. ரெண்டு பேர் பாரீஸில், ஒருத்தர் சென்னையில். பழைய மரக்கூரைக்கு வருஷா வருஷம் செலவு. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைக்கிற கொத்தனாரோ சிமென்ட் பூசிவிட்டுப் போய்விடுவார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெளியே விடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு செங்கல்லை அரிக்கும். கொஞ்ச வருஷத்தில் காரை பொத்துப்பொத்தென்று விழும். 'பழைய வீடு, ஆபத்து' என்று இடித்துவிடலாம். மனை விலையோ தங்கம் மாதிரி. இந்தக் கணக்கில் திண்ணை எப்படி ஜெயிக்கும்?

அரசாங்கக் கட்டடத்துக்கே இந்தக் கதிதான். கடற்கரையில் கம்பீரமாக நிற்கும் 'மேரி' எனும் நகராட்சிக் கட்டடத்தைப் பார்த்து வாயைப் பிளப்பீர்கள். 1870-களில் கட்டியது 2014 நவம்பர் மழையில் மொத்தமாகச் சரிந்துவிட்டது. இப்போது நீங்கள் பார்ப்பது, பழைய அச்சிலேயே மறுபடி கட்டி 2021-ல் திறந்தது. நகல் என்றாலும் நல்ல நகல். ஆனால், சரிவதற்கு முன்பே பழுது பார்த்திருந்தால் எவ்வளவு மிச்சம் என்று மனசு கேட்கும்.

வெயில் உச்சிக்கு ஏறியதும் தாவரவியல் பூங்காவுக்குள் ஒதுங்கிவிடுங்க. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம்தான். 1826-ல் ஃபிரெஞ்சுக்காரர்கள் தொடங்கியது. இந்த மண்ணில் எந்த வெளிநாட்டுச் செடி பிழைக்கும் என்று நட்டுப் பார்த்த சோதனைக் களம். பெரோத்தே என்ற தாவரவியலாளர் வளர்த்தெடுத்தார். பாரதி பூங்காவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எப்படியும் போவீங்க. நடுவில் இருக்கும் வெள்ளை ஆயி மண்டபத்தை மட்டும் சும்மா கடந்துவிடாதீங்க. விளக்கு எரிந்த ஒரு தாசியின் வீட்டைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டாராம் ராஜா. உண்மை தெரிந்ததும் கோபத்தில் வீட்டை இடிக்கச் சொன்னார். 'நானே இடிக்கிறேன்' என்ற ஆயி, அந்த இடத்தில் குளம் வெட்டி ஊருக்குத் தண்ணீர் கொடுத்தாள். இது ஊர்க்கதை. முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் வந்தது மூன்றாம் நெப்போலியன் காலத்தில். அதன் நினைவாக எழும்பியது மண்டபம். பேரரசர் பெயரை யாரும் சொல்வதில்லை. ஆயி பெயர் நிற்கிறது, அரசு முத்திரையிலேயே!

பறவைப் பிரியர்கள் நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஊசுட்டேரிக்கு ஒரு காலை ஒதுக்கலாம், ஊரிலிருந்து சுமார் 10 கி.மீ. தமிழ் மாணவர்கள் ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதி வீட்டுக்குப் போகாமல் திரும்பினால் அரியர் விழும், ஆமாம். 1908-லிருந்து 1918 வரை அவர் இந்த ஊர்க்காரர்.

சாயங்காலம் 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளுக்குத் தடா. காந்தி சிலையிலிருந்து வடக்கே போனால் தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணல் தெரியும். காலில் மிதிக்கும் அந்த மணலுக்கும் ஒரு கதை உண்டு. இந்தக் கரையில் கடல் நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்தும். 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கட்டிய தடுப்புச் சுவர்கள் அதை மறித்தன. தெற்கே மணல் மலையாகக் குவிய, வடக்கே ஊரின் கடற்கரை காணாமலே போனது. கருங்கல்லைக் கொட்டினார்கள். அப்புறம் 2018-ல் கடலுக்கடியில் ஆப்பு வடிவில் ஓர் எஃகுத் திட்டை இறக்கி, தூர்வாரிய மணலையும் கொட்டிய பிறகு, கொஞ்சம் மணல் திரும்பி வந்தது.

கொஞ்சம்தான். இன்னும் வடக்கே போனால் வைத்திக்குப்பம், சோலை நகர், அதைத் தாண்டித் தமிழ்நாட்டு எல்லையில் கோட்டக்குப்பம். ஒரு குப்பத்தைக் காக்கக் கல் கொட்டினால், அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகர்கிறது. படகை ஏற்றி வைக்க இடமில்லாத மீனவர்களை அங்கே பார்ப்பீர்கள். டைம் இருந்தால் அதுவரை நடந்துவிட்டு வாங்க, பேச்சுக் கொடுங்க. ஆனால் தண்ணியில் மட்டும் இறங்கவே இறங்காதீங்க மக்களே. கல்லும் இழுப்பும் எந்த நீச்சல் வீரனுக்கும் மரியாதை கொடுக்காது.