எல்லா டிரைவுகளையும் ஏன் திறக்க வேண்டும்?

செபராங் பிறையிலுள்ள தாசேக் கெலுகோரிலிருந்து ஜார்ஜ் டவுனுக்கும் பாயான் லெப்பாசுக்கும் உத்தியோக நிமித்தம் சென்று வருவோர், கொம்யூட்டர் இரயிலில் பட்டர்வொர்த் வரை சென்று அங்கிருந்து படகில் கடலைக் கடந்தோ, 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தின் மீது வாகன நெரிசலில் ஊர்ந்தோ, நாளின் கணிசமான பகுதியைப் பிரயாணத்திலேயே செலவழித்து வந்தனர் என்பது இவ்வட்டாரத்தார் அனைவரும் அறிந்த விஷயம். கொரோனா காலத்தில், 2020 மார்ச் 18ஆம் தேதி, மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபோது பலருக்கு அந்தப் பிரயாணம் ஒரே நாளில் நின்றுபோயிற்று; ஆனால் கணக்கு எழுதுவோரும், கொள்முதல் பிரிவினரும், சம்பளப் பட்டியல் தயாரிப்போரும் செய்து முடிக்க வேண்டிய வேலை நிற்கவில்லை. வீட்டு மேசையில் இருக்கும் கணினியின் வழியாக அலுவலகக் கணினிக்குள் நுழைந்து வேலை பார்க்கும் ரிமோட் டெஸ்க்டாப் என்ற முறை அன்று ஆபத்துக்கால ஏற்பாடாக அநேகர் வீட்டிற்குள் வந்து, பின்னர் நிரந்தர வழக்கமாகவே நிலைத்துவிட்டது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தமும், 2023 ஜனவரி 1 முதல், நெகிழ்வான வேலை ஏற்பாட்டுக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்கும் உரிமையை ஊழியருக்கு அளித்து, 60 நாட்களுக்குள் பதில் கூறும் கடமையை முதலாளிக்கு விதித்திருக்கிறது.

இம்முறையில் வேலை நடப்பது அலுவலகக் கணினியில். நம் வீட்டுக்கு வருவது அதன் திரையின் தோற்றம் மட்டுமே. நம்மிடமிருந்து அங்கே செல்வது விசைப்பலகையின் தட்டல்களும் மவுசின் அசைவுகளுமே. ஆகவே, வீட்டுக் கணினியில் சேமித்து வைத்திருக்கும் ஒரு ரசீதையோ, இரவில் இறக்கிக்கொண்ட வங்கிக் கணக்கு அறிக்கையையோ, அலுவலகக் கணினியில் இயங்கும் கணக்கு மென்பொருள் தானாகக் காணமாட்டாது. இந்தக் குறையை நிவர்த்தி செய்வதற்காகவே, இணைப்பை ஏற்படுத்துமுன் விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் நிரலில் ‘லோக்கல் ரிசோர்சஸ்’ என்னும் பகுதிக்குச் சென்று, ‘மோர்’ என்ற பொத்தானை அழுத்தி, ‘டிரைவ்ஸ்’ என்பதற்கு எதிரே குறியிட்டால், வீட்டுக் கணினியின் டிரைவுகள் அலுவலகத் திரைக்குள்ளும் தோன்றும்படி செய்திருக்கிறார்கள். வசதி புதியதன்று, விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்த 2001ஆம் ஆண்டிலிருந்தே புழக்கத்தில் உள்ளது. ஆனால் 2024 ஆகஸ்டு முதல் பெரிய நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாக விரிவுபடுத்தப்பட்ட மின்விலைப்பட்டியல் முறையால், கணக்கர்களின் கையில் புழங்கும் கோப்புகள் பெருகியிருக்கும் இக்காலத்தில், அந்தச் சிறு கட்டத்தில் இடும் குறி முன்னெப்போதையும்விட முக்கியத்துவம் பெற்றிருக்கிறது.

இவ்வசதியை அறவே தடை செய்துவிடுவதே பத்திரம் என்று கருதும் நிர்வாகிகள் இருக்கிறார்கள். அவர்களுடைய அச்சம் நியாயமானது, முடிவு நியாயமானதன்று. வீட்டிலிருக்கும் கோப்பை அலுவலகத்துக்குக் கொண்டு சேர்க்க நேர்வழி அடைபட்டிருக்குமாயின், மாதக் கணக்கை மறுநாள் காலைக்குள் முடித்தாக வேண்டிய குமாஸ்தா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார். வாடிக்கையாளரின் அடையாள அட்டை எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் அடங்கிய அந்தக் கோப்பைத் தம் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்வார், அல்லது வாட்சாப்பில் சக ஊழியருக்குத் தள்ளிவிடுவார், அல்லது பென்டிரைவில் பதிந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இரயில் ஏறுவார். நேர்வழியிலே சென்ற கோப்புக்கு ஓர் இடமும் ஒரு பொறுப்பாளியும் உண்டு. இந்தக் குறுக்கு வழிகளிலே சென்ற கோப்பின் நகல்கள் எத்தனை, அவை யார் யார் கையில் இருக்கின்றன என்பதை எந்த நிர்வாகியாலும் பிறகு கண்டறிய இயலாது. தடை விதித்தவர் அபாயத்தைப் போக்கிவிட்டதாக எண்ணுகிறார்; உண்மையில் அதைத் தம் கண்ணுக்கு எட்டாத இடத்துக்கு அனுப்பிவைத்திருக்கிறார்.

இதற்கு நேர்மாறான தவறே நம்மிடையே அதிகம். எந்த டிரைவ் தேவை என்று ஆராயாமல் எல்லாவற்றுக்கும் ஒருசேரக் குறியிட்டு, இணைக்கும்போது கணினி காட்டும் எச்சரிக்கைப் பலகையில் ‘மீண்டும் கேட்காதே’ என்பதையும் அழுத்திவிட்டு, அதன்பின் அதை மறந்தே போய்விடுகிறோம். அவ்வாறு திறந்த வாசல் இரு பக்கமும் வழிவிடும் வாசல் என்பதை நாம் நினைப்பதில்லை. அலுவலகக் கணினியில் நம் பெயரால் இயங்கும் எந்த நிரலும், இணைப்பு நீடிக்கும் வரை, நாம் அங்கே திறந்து காட்டிய வீட்டு டிரைவைப் படிக்கலாம், அதில் எழுதலாம், அதிலுள்ளவற்றை அழிக்கவும் செய்யலாம். அந்தக் கணினியை முழு அதிகாரத்தோடு கைக்கொண்ட ஒருவரும் அவ்வாறே செய்ய முடியும். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் அங்கே நுழைந்துவிட்டால், அது அலுவலகக் கணக்குகளோடு நின்றுவிடும் என்பதற்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை. வீட்டுக் கணினியிலோ குழந்தைகளின் பிறப்புப் பத்திரங்களும், கல்யாணப் படங்களும், வீட்டுக் கடன் பத்திரங்களும், தாயாரின் மருத்துவ அறிக்கைகளும், கடவுச்சொற்களை எழுதிவைத்த ஒரு கோப்பும் அதே டிரைவில்தான் கிடக்கின்றன.

இது வெறும் யூகம் அன்று. 2024 அக்டோபரில், மிட்நைட் பிளிசார்ட் என்று மைக்ரோசாப்ட் பெயரிட்டிருப்பதும், ரஷ்யாவின் வெளிநாட்டு உளவுத் துறையைச் சேர்ந்தது என அமெரிக்க, பிரிட்டிஷ் அரசாங்கங்கள் கூறுவதுமான ஒரு குழு, நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்தாபனங்களைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோருக்கு மின்னஞ்சல்களை அனுப்பிற்று. அவற்றோடு இணைத்திருந்தது நச்சு நிரல் அன்று. ரிமோட் டெஸ்க்டாப்பின் சாதாரண இணைப்புக் கோப்பு. அதைத் திறந்தவருடைய கணினி அக்குழுவின் கணினியோடு தொடர்புகொண்டது. திறந்தவர் எந்தக் கட்டத்திலும் குறியிடாமலேயே, அவருடைய டிரைவுகளும், நகலெடுத்து ஒட்டும் கிளிப்போர்டும், அச்சு இயந்திரங்களும் அங்கே பகிரப்படும்படி அக்கோப்பிலேயே எழுதிவைக்கப்பட்டிருந்தது. நாம் சௌகரியத்துக்காக நாள்தோறும் கையாளும் அதே ஏற்பாடு, ஒரு வரியும் மாற்றப்படாமல், திருடனுக்குச் சாதனமாயிற்று. ஆகவே, தெரியாதவரிடமிருந்தோ தெரிந்தவர் பெயரிலோ மின்னஞ்சலில் வரும் இத்தகைய இணைப்புக் கோப்பை ஒருபோதும் திறக்கலாகாது.

என் கருத்து இதுதான்: டிரைவைத் திறக்கும் வசதி இருக்கட்டும்; ஆனால் திறப்பது ஒன்றாக மட்டும் இருக்கட்டும், அதுவும் வேலையின் பொருட்டே ஏற்பட்டதாக இருக்கட்டும். விண்டோஸ் கணினியில் இதற்கென ஒரு சிறு தனிப் பகுதியைப் பிரித்துக்கொண்டு, அதற்கு ஓர் எழுத்தைக் கொடுத்து, அனுப்ப வேண்டிய கோப்புகளை மட்டும் அங்கே வைத்து, குறியிடும்போது அந்த ஓர் எழுத்துக்கே குறியிடலாம். மாக் கணினி வைத்திருப்போருக்கு இன்னும் எளிது. அவர்கள் ஒரு ஃபோல்டரை மட்டும் தேர்ந்து பகிரலாம். பகிர்ந்த டிரைவிலிருந்தே கணக்குக் கோப்பைத் திறந்து வேலை செய்வதையும் தவிர்ப்பது உசிதம்; இணையம் மந்தமாக உள்ள மாலை வேளையில் ஒவ்வொரு சேமிப்புக்கும் தரவு இங்குமங்கும் ஓடித் தாமதிக்கும், நடுவில் இணைப்பு அறுந்தால் கோப்பே பழுதாகக்கூடும்; முதலில் அங்கே நகலெடுத்துக்கொண்டு பின்பு திறப்பதே நன்று. மைக்ரோசாப்ட் நிறுவனமே 2025இல், தன் விண்டோஸ் 365 என்னும் இணையவழிக் கணினிச் சேவையில் புதிதாக உருவாக்கப்படும் கணினிகளுக்கு டிரைவுப் பகிர்வு ஆரம்பத்திலேயே மூடப்பட்டிருக்கும் என்றும், வேண்டுமாயின் நிர்வாகிகள் அதைத் திறந்துவிடலாம் என்றும் அறிவித்தது. மூடியிருப்பது இயல்பு, திறப்பது ஒரு தீர்மானம் என்ற இந்தக் கொள்கையை நான் மனமார ஏற்கிறேன்.

ஊழியர் மீது மட்டும் பாரத்தைச் சுமத்துவது தர்மமன்று. 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வாடிக்கையாளர் விவரங்களைக் காக்கும் கடமையை வியாபார ஸ்தாபனத்தின் மீதே வைத்திருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் அச்சட்டத்தின் கோட்பாடுகளை மீறுவதற்கான அபராதம் பத்து லட்சம் ரிங்கிட் வரை உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 1 முதல், கணிசமான தரவுக் கசிவு நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் அமலுக்கு வந்தது. ஊழியரின் சொந்தக் கணினியையே வேலைக் கருவியாக்கிக்கொண்டு, அதில் எது திறக்கப்படலாம், எது கூடாது என்று ஒரு வரியும் எழுதித் தராத அலுவலகம், கசிவு நேரும் நாளில் அவரைக் குற்றவாளியாக நிறுத்துமானால் அதை நான் அநியாயம் என்றே சொல்வேன்.

செபராங் பிறையின் சிறு கணக்கு அலுவலகங்களை நடத்தும் அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதித்த ஒவ்வொருவருக்கும், இயலுமாயின், அலுவலகத்துக்குச் சொந்தமான ஒரு கணினியைக் கொடுங்கள், இயலாதாயின், எந்த ஒரு டிரைவைத் திறக்கலாம் என்பதைத் தெளிந்த தமிழிலோ மலாயிலோ எழுதிக் கொடுத்து, அதை அமைத்தும் கொடுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்யும் வாசகர்கள், அடுத்த முறை ‘கனெக்ட்’ என்பதை அழுத்துமுன், ‘டிரைவ்ஸ்’ என்னும் பட்டியலை ஒரு முறை திறந்து பார்த்து, தேவையற்ற குறிகளை நீக்கிவிடுங்கள்.