விலையா, ஈகையா?

வாங்குகிறவனே விலையைச் சொல்லட்டும் என்று எந்த வணிகனாவது கடை திறப்பானா? திறந்தால் அக்கடை எத்தனை நாள் நடக்கும்? உலகியல் அறிந்தோர் இவ்வினாவைக் கேட்டு நகைப்பர். ஆனால் அமெரிக்க நாட்டின் சான் பிரான்சிஸ்கோ நகரில் இளைஞர் சிலர் 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் அத்தகைய கடை ஒன்றைத் திறந்தனர். கடை நடந்தது, நன்றாகவே நடந்தது. அதன் வழியாக அறநிலையங்களுக்குப் பெரும் பொருளும் சென்றது. அக்கடையின் கதையையும், பின்னர் அது திரும்பிய திசையையும் நம் குடும்பங்களின் முன் வைத்து, ஈகை என்னும் சொல்லுக்கு நாம் என்ன பொருள் கொள்கிறோம் என்று கேட்பதே நம் நோக்கம்.

"கணினி விளையாட்டைப் பற்றி எழுத இவ்விதழில்தானா இடம் கிடைத்தது?" என்று பெரியவர் சிலர் முகம் சுளிக்கலாம். விளையாட்டின் நன்மை தீமை இங்கே நம் வழக்கன்று. நம் பிள்ளைகளின் கையில் அவ்விளையாட்டு இருக்கிறது. அதை வாங்கும் பணம் நம் பையிலிருந்து போகிறது. அப்பணத்தின்மேல் தருமம் என்னும் முத்திரையும் குத்தப்படுகிறது. ஆகவே கேட்கும் உரிமை நமக்கு உண்டு, கடமையும் உண்டு.

முதலில் நடந்ததைக் கூறுவோம். வுல்ஃபயர் கேம்ஸ் என்னும் சிறு நிறுவனத்தார், சிறு சிறு குழுவினர் ஆக்கிய ஐந்து விளையாட்டுகளை ஒரே கட்டாகக் கட்டி, 'ஹம்பிள் இண்டி பண்டில்' என்று பெயரிட்டு விற்பனைக்கு வைத்தனர். ஒரு சென்ட் கொடுத்தாலும் கட்டு கிடைக்கும். நூறு டாலர் கொடுத்தாலும் அதே கட்டுதான். அதனினும் புதுமை வேறொன்று. கொடுக்கும் பணம் யார் யாருக்கு எவ்வளவு போக வேண்டும் என்பதை வாங்குகிறவரே முடிவு செய்யலாம். திரையில் சில கோடுகள் தெரியும். ஒரு கோட்டை இழுத்தால் விளையாட்டை ஆக்கியோரின் பங்கு கூடும். மற்றொன்றை இழுத்தால் அறநிலையத்தின் பங்கு கூடும். விற்று உதவும் நிறுவனத்திற்கென ஒரு கோடு பின்வந்த கட்டுகளில் சேர்ந்தது. முழுப் பணத்தையும் அறத்திற்கே அனுப்ப எண்ணினால், அதற்கும் தடையில்லை.

அந்த முதற் கட்டின் அறப்பங்கு இரண்டு அமைப்புகளுக்குச் சென்றது. ஒன்று, மருத்துவமனைகளில் கிடக்கும் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள்கள் வழங்கும் சைல்ட்ஸ் ப்ளே. மற்றொன்று, மின்னணு உலகில் மக்களின் உரிமைகளுக்காக வாதாடும் எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன். சில நாட்களுக்குள் 1,38,000க்கு மேற்பட்டோர் வாங்கினர். 12 லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. அதில் ஏறத்தாழ 30 விழுக்காடு அறத்திற்குச் சென்றது. ஒரு சென்ட்டுக்கே கிடைக்கும் பொருளுக்கு மக்கள் சராசரியாக ஒன்பது டாலர் கொடுத்தார்கள் என்றால், மனித உள்ளத்தில் ஈரம் வற்றிவிடவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அடுத்து வந்த ஆண்டுகளிலும் நற்செயல்கள் நிகழ்ந்தன. அவற்றை மறைப்பது நமக்கு அழகன்று. 2013இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்னும் பெருநிறுவனம் தன் விளையாட்டுகளைக் கட்டாகத் தந்து, தனக்குரிய பங்கு முழுவதையும் அறத்திற்கு விட்டது. ஒரு கோடி டாலருக்கு மேல் திரண்டது. 2017 ஜனவரியில், முஸ்லிம்கள் பெரும்பான்மையராக வாழும் ஏழு நாடுகளின் மக்கள் அமெரிக்காவுக்குள் நுழைவதை அந்நாட்டு அதிபர் தடுத்து ஆணையிட்டார். அடுத்த மாதமே இக்கடையார் 'விடுதலைக் கட்டு' ஒன்றை விற்று, அறுபது லட்சம் டாலருக்கு மேல் திரட்டினர். அத்தொகை அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஒன்றியத்திற்கும், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கும், சர்வதேச மீட்புக் குழுவிற்கும் போயிற்று. நம் சமயத்தவர் விமான நிலையங்களில் தடுத்து நிறுத்தப்பட்ட நாட்களில் நமக்காக எழுந்த கை அது. நன்றி மறப்பது நம் மரபன்று.

எனினும் நன்றி என்பது வாயை மூடிக்கொள்வதற்குப் பெயரன்று.

குறையை வாங்குவோரிடமிருந்தே தொடங்குவோம். இக்கடை பிறப்பதற்கு முந்திய ஆண்டில், 2009 அக்டோபரில், 'வேர்ல்ட் ஆஃப் கூ' என்னும் விளையாட்டை ஆக்கியோர் இதே முறையில் அதை விற்றுப் பார்த்தனர். முதல் வாரத்தில் வாங்கிய சுமார் 57,000 பேரில் ஏறத்தாழ 17,000 பேர் கொடுத்தது ஒரே ஒரு சென்ட்! பணம் கடத்தும் கூலிக்கே அது காணாது. 2010இன் முதற் கட்டிலோ, இறக்கிக்கொண்டவர்களில் கால்வாசிப் பேருக்கு மேல் அந்த ஒரு சென்ட்டையும் கொடாமல் திருட்டு வழியில் எடுத்தனர் என்று விற்றவர்களே கணித்தனர். நோயுற்ற குழந்தைக்குப் பங்குள்ள பொருளைத் திருடிய கையை நாம் என்னென்பது? அளவையில் மோசடி செய்வோருக்குக் கேடு உண்டு என்று எச்சரித்தே திருமறையின் ஓர் அத்தியாயம் தொடங்குகிறது. வாங்குகிறவனே தராசைப் பிடிக்கும் கடையில் அவ்வெச்சரிக்கை வாங்குகிறவனுக்குத்தான் முதலில் உரியது.

இனி விற்போரின் பக்கம் வருவோம். சராசரித் தொகையை விட மிகுதியாகக் கொடுப்போருக்கு மேலும் சில விளையாட்டுகள் என்னும் ஏற்பாடு விரைவிலேயே வந்தது. பிறர் கொடுத்ததினும் சில காசு கூடக் கொடு, கூடுதல் பொருள் பெறு என்பது இதன் சாரம். திறமையான வணிகம், ஐயமில்லை. ஆனால் கூடுதல் பொருளுக்காகக் கொடுத்த கூடுதல் காசு விலையாகுமேயன்றி ஈகையாகுமா?

2017 அக்டோபரில் ஐ.ஜி.என். என்னும் பெரிய ஊடக நிறுவனம் இக்கடையை விலைக்கு வாங்கிற்று. நாளடைவில், கோட்டைத் தொடாமல் பணம் கட்டுவோரின் தொகையில் அறத்திற்குச் செல்லும் பங்கு ஐந்து விழுக்காடாகச் சுருங்கியது. 2021 ஏப்ரலில் அக்கோடுகளையே நீக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. வாங்குவோருக்கு இனி இரண்டே வழி: ஒன்றில் அறத்திற்கு ஐந்து விழுக்காடு, மற்றொன்றில் பதினைந்து. மக்கள் கொதித்தெழுந்தனர். நிறுவனம் பின்வாங்கிற்று. ஆயினும் அவ்வாண்டு ஜூலையில் கோடுகள் புதிய விதியோடு வந்தன. யார் எப்படி இழுத்தாலும், கட்டுக்குக் கட்டு மாறுபடும் 15 முதல் 30 விழுக்காடு வரையிலான பங்கு நிறுவனத்திற்கே நிற்கும் என்பது அவ்விதி.

கணக்கைப் பாருங்கள். ஒருவர் பதினைந்து டாலர் கொடுக்கிறார். பழைய முறையில் அவர் விரும்பினால் பதினைந்தும் அறத்திற்குப் போகும். ஐந்து விழுக்காட்டில் போவது எழுபத்தைந்து சென்ட். அந்த எழுபத்தைந்து சென்ட்டின் நிழலில் மீதிப் பதினான்கே கால் டாலரும் தருமத்தின் பெயர் பூண்டு நடக்கிறது!

இவ்வாறு கூறுவோரை நோக்கி எதிர்வாதம் செய்வோர் உளர். "கடை நடத்தச் செலவில்லையா? ஊழியருக்கு ஊதியம் வேண்டாமா? 2010 முதல் இருபது கோடி டாலருக்கு மேல் அறத்திற்குத் திரட்டிய நிறுவனத்தைக் குறை கூறலாமா? ஏழைக்கு எழுபத்தைந்து சென்ட் போவது ஒன்றும் போகாததை விட மேலன்றோ?" என்பர். நேர்மையான கேள்விகள், நேர்மையாகவே விடை கூறுவோம்.

திரட்டுவோருக்கு ஊதியம் கூடாதென்று நாம் கூறவில்லை. கூறவும் முடியாது. ஜகாத்தைப் பெறத்தக்க எட்டு வகையினரைத் திருமறையின் ஒன்பதாம் அத்தியாயம் வரையறுக்கும்போது, அதைத் திரட்டிப் பங்கிடும் ஊழியரையும் ஒரு வகையினராகச் சேர்த்திருக்கிறது. இந்நிறுவனம் தன் விழுக்காட்டை மறைக்கவுமில்லை, வெளிப்படையாகவே அறிவித்தது. அதையும் ஒப்புகிறோம். நம் வழக்கு ஊதியத்தின்மேல் அன்று, பெயரின்மேல்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்து நிகழ்ச்சி ஒன்று புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. ஜகாத் திரட்ட அனுப்பப்பட்ட அஸ்து குலத்தவர் ஒருவர் திரும்பி வந்து, ஒரு பகுதியைப் பொதுவுக்கென்றும் மறு பகுதியைத் தமக்கு வந்த அன்பளிப்பென்றும் பிரித்து வைத்தார். அண்ணலார் மிம்பரில் ஏறி நின்று, அவர் தம் பெற்றோர் வீட்டிலேயே அமர்ந்திருந்தால் அவ்வன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று மக்கள் அறிய வினவினார்கள். எத்துணைக் கூர்மையான வினா! தருமத்தின் பெயரால் வந்த பொருளையும் தனக்கென வந்த பொருளையும் பிரித்துக் காட்ட இதனினும் சிறந்த உரைகல் உண்டோ?

அவ்வுரைகல்லில் இக்கடையைத் தேய்த்துப் பார்ப்போம். தருமத்தின் பெயர் இல்லாதிருந்தால் இத்தனை இலட்சம் மக்கள் இக்கடையைத் தேடி வந்திருப்பார்களா? எத்தனையோ கடைகளில் ஒரு கடையாய் அது இருந்திருக்கும். ஆகவே மக்களை அழைத்து வந்தது ஈகையின் பெயர். வந்த பின் எவ்வளவு ஈவது என்பதை நிர்ணயிக்கும் அதிகாரமும் வாங்குகிறவர் கையில் இருந்தவரை, பெயரும் பொருளும் ஒத்திருந்தன. அவ்வதிகாரத்தைச் சுருக்கிவிட்டுப் பெயரை மட்டும் முழுமையாய் வைத்துக்கொள்வது நேர்மையாகாது. விற்பவர் தம் வரவிலிருந்து தாமே குறித்த ஒரு பங்கைக் கொடுத்தால் அது விற்பவரின் ஈகை. வாங்கியவர் கொடுத்தது விலை. அதை விலை என்றே சொல்லட்டும், நமக்கு வழக்கில்லை.

வேறு வழி இல்லையோ என்றால், இருக்கிறது; அதே துறையிலேயே இருக்கிறது. 2020 ஜூனில் இட்ச்.ஐஓ என்னும் தளத்தில், அமெரிக்கக் கறுப்பின மக்களின் நீதிக்காக ஒரு கட்டு விற்கப்பட்டது. குறைந்தது ஐந்து டாலர். எண்பது லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. 2021 ஜூனில் அதே தளத்தில், ஆயிரத்திற்கு மேற்பட்ட ஆக்கங்களைச் சேர்த்துப் பாலஸ்தீன மக்களுக்காக ஒரு கட்டு விற்கப்பட்டது. எட்டு லட்சம் டாலருக்கு மேல் திரண்டு, பாலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. நிவாரண அமைப்புக்கு உரியதாயிற்று. அவ்விரண்டிலும் ஆக்கியோர் தம் பங்கைக் கேட்கவில்லை. விற்பனை சில நாட்களே நடந்தது. நோக்கம் ஒன்றே இருந்தது. அவற்றில் தருமம் வணிகத்துக்கு விளம்பரமாகவில்லை. வணிகம் தருமத்துக்கு ஊழியம் செய்தது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். மகன் இத்தகைய கட்டொன்றை வாங்கிவிட்டு, "வாப்பா, நான் ஸதகா கொடுத்துவிட்டேன்" என்று மகிழ்ந்து சொன்னால், அவன் மகிழ்ச்சியைக் கெடுக்க வேண்டாம். அருகில் அமர்த்தி ஒன்றே ஒன்று கேளுங்கள்: "அறநிலையத்தின் பெயரே அங்கு இல்லாதிருந்தால், இவ்விளையாட்டுகளுக்கு நீ எவ்வளவு கொடுத்திருப்பாய்?" அவன் சொல்லும் தொகை விலை. அதற்குமேல் ஏழைக்கென்றே எண்ணி அவன் கொடுத்தது எதுவோ அதுவே ஸதகா. அத்தகைய கூடுதல் ஒன்றுமில்லை என்றால், அவன் நல்ல பொருளை மலிவாக வாங்கியிருக்கிறான், அவ்வளவே. அது குற்றமன்று, ஆனால் தருமமும் அன்று. கோட்டை இழுக்கும் வசதி இருந்தால், இழுத்துப் பழகட்டும். தொடாமல் விட்ட கோடு பிறர் நிய்யத்; தொட்டு இழுத்த கோடே நம் நிய்யத்.

ஜகாத்தையோ இவ்வழியில் கணக்கிடவே வேண்டாம். கொடுத்தவனுக்குக் கைமாறாகப் பொருள் திரும்பி வரும் கொடுக்கல் வாங்கல் ஜகாத் ஆகாது. அதற்கு உரியவர் யார் என்பதும் வரையறுக்கப்பட்டதே. விற்பவர் தேர்ந்தெடுத்த அறநிலையத்தின் பட்டியல் அதற்கு ஈடாகாது.

வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியலாகாது என்னும் போதனையில் வளர்ந்த சமுதாயம் நம்முடையது. இன்றோ வலக்கை கொடுக்க, இடக்கை பொருள் வாங்கிக்கொள்கிறது. இரு கைகளும் என்ன செய்கின்றன என்பதையாவது நாம் தெளிவாக அறிந்திருக்க வேண்டாமா? விலையை விலையென்றும் ஈகையை ஈகையென்றும் பெயரிட்டு அழைக்க நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போமாக! உள்ளத்தின் எண்ணத்தைக் கொண்டே செயல்களை எடைபோடும் வல்ல நாயன், நம் கொடைகளைத் தூய்மையாக்கி ஏற்றருள்வானாக!