வில்லடித்துச் சொன்னதும் வரலாறுதான்

வில்லுப்பாட்டைப் பற்றி நம் குமரி மாவட்டத்துப் படித்தவர்களிடம் ஒரு தீர்ப்பு உறைந்து கிடக்கிறது. கோயில் கொடை விழாவுக்குக் கூட்டம் சேர்க்க அது வேண்டும், சாமி வந்து ஆடுவதற்கும் வேண்டும். ஆனால் அதில் பாடப்படுவதை ஊரின் நினைவாகவோ வரலாறாகவோ எடுத்துக்கொள்ளக் கூடாது. எழுதி வைத்தது வரலாறு, பாடித் திரிந்தது வெறும் கதை. மயிலாடியிலும் நாகர்கோவில் மேடைகளிலும் இதைத் திரும்பத் திரும்பக் கேட்டாயிற்று. இப்படிச் சொல்பவர்களில் பலர் ஹோமரின் காவியங்களைக் கிரேக்க இனத்தின் நினைவுக் களஞ்சியம் என்று புகழவும் தயங்குவதில்லை. அங்கே நினைவாக இருப்பது இங்கே ஏன் வெறும் சத்தமாகிவிடுகிறது? அவர்கள் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன்.

முதல் காரணம், பாட்டு வாய்க்கு வாய் மாறிவிடும் என்பது. வாய்மொழிக் காவியத்தை ஆராய்ந்த மில்மன் பாரி 1930-களில் யூகோஸ்லாவியப் பாடகர்களைப் பதிவு செய்தார். ஒரே கதையை ஒரே பாடகர் இரண்டு முறை பாடினாலும் வரிகள் மாறுவதைக் கண்டார். அந்த முடிவை அப்படியே தூக்கி வந்து நம் வில்லின்மேல் வைக்கிறார்கள். ஆனால் நம் பகுதிக்கே வந்து கொடைகளில் உட்கார்ந்து ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், 1988-இல் வெளியான தம் நூலில் வேறு நிலையைக் காட்டுகிறார். வில்லுப்பாட்டுக் கதைகளுக்கு ஏடு உண்டு. புலவர் அதைப் பார்த்தோ மனப்பாடமாகவோ பாடுகிறார், வரிகள் பெரும்பாலும் நிலைத்தே நிற்கின்றன. அதற்குக் காரணம் கொடை கேட்டவர்களுக்குத் தெரியும். காப்பு, குருவடி, அவையடக்கம், நாட்டுவளம் எல்லாம் கடந்து, கதையில் தெய்வமாகப் போகிறவர் வெட்டுப்படும் இடம் வரும்போதுதான் சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் வருகிறது. அந்த இடத்தில் புலவர் தன் இஷ்டத்துக்குச் சொல்லை மாற்ற முடியாது. எதிரே நிற்பவர்கள் ஆண்டுதோறும் அதே வரியைக் கேட்டு வளர்ந்தவர்கள். தவறினால் அங்கேயே நிறுத்திக் கேட்பார்கள்.

கிரேக்கர்களிடமும் பாட்டு மாறுமே என்ற சந்தேகம் இருந்தது. சலாமிஸ் தீவு யாருக்கு என்று ஏதென்சும் மெகாராவும் சண்டையிட்டபோது, வழக்கைத் தீர்க்க ஸ்பார்ட்டாக்காரர்கள் நடுவர்களாக அமர்ந்தார்கள். ஏதென்சின் சோலோன் ஹோமரின் கப்பற் பட்டியலில் இருந்து ஒரு வரியைச் சான்றாக எடுத்து வைத்தார் என்று புளூட்டார்க் எழுதுகிறார். அந்த வரியை அவரே நுழைத்துவிட்டார் என்ற குற்றச்சாட்டும் உண்டு. கவனிக்க வேண்டியது இதுதான்: பாட்டு சாட்சியாக வந்தது, அதன்மேல் சந்தேகமும் எழுப்பினார்கள். பாட்டு என்பதாலேயே அதை நீதிமன்றத்துக்கு வெளியே யாரும் நிறுத்தவில்லை. வில்லுப்பாட்டுக்கும் நான் கேட்பது அவ்வளவுதான்.

அடுத்த காரணம், எழுத்து நடுநிலையானது, பாட்டு பக்கச்சார்பானது என்பது. இதற்கு நம் மண்ணிலேயே பதில் இருக்கிறது. 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மாவைத் திருவிதாங்கூரின் எழுத்து வரலாறு நாட்டைக் கட்டியெழுப்பியவர் என்று கொண்டாடுகிறது. அவருக்கு முன் ஆண்ட மன்னரின் மக்களான பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் அதே வரலாற்றில் அரசுரிமைக்கு ஆசைப்பட்ட கலகக்காரர்கள். சி.வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ நாவல் 1891-இல் அந்தப் படத்தையே மலையாளம் படிப்போர் மனத்தில் பதித்தது. தம்பிமார் கதையை வில்லில் கேட்டால் வழக்கு தலைகீழாகிறது. அங்கே பகை தொடங்குவது சிம்மாசனத்தில் அன்று, அவர்கள் தங்கையை அரசன் பெண் கேட்டதில். கொல்லப்பட்டவர்கள் வழிபடப்படும் தெய்வங்களாகிறார்கள். பாட்டு சொல்வது முழு உண்மை என்று நான் வாதிடவில்லை. அரண்மனை எழுதியதும் முழு உண்மை அன்று என்கிறேன். தோற்றவர் தரப்பை அரண்மனை ஏட்டில் எழுத யாருக்கும் துணிவு வந்திருக்காது. அதைச் சுமந்து வந்தது வில்.

இரவிக்குட்டிப் பிள்ளைப் போரையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1634 வாக்கில் திருமலை நாயக்கரின் படையோடு கணியாகுளத்தில் மோதி மாண்ட வேணாட்டு அமைச்சர் அவர். வரலாற்று நூல்களில் அந்தப் போர் சில வரிகளில் முடிந்துவிடும். பாட்டிலோ தாயும் மனைவியும் கெட்ட கனவு கண்டு போகாதே என்று தடுக்கிறார்கள், கூட இருந்தவர்களே அவரைக் கைவிடுகிறார்கள். ஒரு போர் ஒரு வீட்டுக்குள் எப்படி வந்து விழுந்தது என்பதை வேறு எந்த ஆவணம் வைத்திருக்கிறது? அ.கா. பெருமாள் போன்றவர்கள் ஊர் ஊராக அலைந்து இந்தக் கதைப்பாடல்களைத் தேடியிராவிட்டால், அச்சில் இருப்பதே நமக்கு எல்லாமும் ஆகியிருக்கும்.

மூன்றாவதாக, இது பேய்க்கூத்தோடு சேர்ந்த சத்தம், இதில் இசை எங்கே என்பார்கள். இந்தக் குரல் பழையது. 1849-இல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி எழுதிய மிஷனரி கால்டுவெல், வில்லைத்தான் அதிகச் சத்தம் போடும் கருவி என்றும், அதனாலேயே மக்களுக்குப் பிடித்த கருவி என்றும் குறிப்பிட்டார். ஆனால் கையோடு அதை நுணுக்கமாக வர்ணித்தும் வைத்தார்: பெரிய வில், அதில் பல அளவு மணிகள், நாணைத் தட்டும் கோல், வில்லுக்கு அடியில் பித்தளைக் குடம், தாளம் போடும் கைத்தாளம். இன்றைய வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் மண்ணாகியிருக்கிறது, உடுக்கை கூட இருக்கிறது. மற்ற அமைப்பு 175 ஆண்டுகளுக்குப் பிறகும் அப்படியே நிற்கிறது. இகழ்ந்து எழுதியவரின் பக்கமே இந்த இசை மரபின் உறுதிக்குச் சான்றாகிவிட்டது.

மயிலாடிக்காரனாக இதை நிதானமாகவே சொல்கிறேன். 1806-இல் மிஷனரி ரிங்கல்தௌபே வந்து, மகராசன் வேதமாணிக்கத்தோடு சேர்ந்து தென்திருவிதாங்கூரின் முதல் சீர்திருத்தத் திருச்சபைக்கு அடித்தளம் இட்டது இந்த ஊரில்தான். அந்தப் பணி தந்த பள்ளிக்கும் மானத்துக்கும் நன்றி சொல்லாமல் இந்த ஊரின் கதையை எழுத முடியாது. ஆனால் அதே காலத்தில் கொடையும் வில்லும் வெட்கப்பட வேண்டியவை என்ற எண்ணமும் ஊன்றப்பட்டது. படித்த இந்துக் குடும்பங்களும் அதை ஏற்றுக்கொண்டன. இன்றைய தீர்ப்பின் வேர் அங்கே இருக்கிறது.

கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸும் இப்படி ஒரு தீர்ப்பை எதிர்த்தார். இசை மனிதரை ஏமாற்றி மயக்கக் கொண்டுவரப்பட்டது என்று எபோரஸ் எழுதியிருந்தார். பொலிபியஸ் அதை மறுத்துத் தன் சொந்த நாடான ஆர்க்கேடியாவைக் காட்டினார். அங்கே சிறுவர்கள் தங்கள் ஊரின் வீரர்களையும் தெய்வங்களையும் பற்றிய பாடல்களைச் சட்டப்படியே கற்றார்கள். வேறு எது தெரியாது என்று சொன்னாலும் வெட்கமில்லை, பாடத் தெரியாது என்று மட்டும் சொல்ல முடியாது. அந்தப் பயிற்சியைக் கைவிட்ட கைனீதா என்ற ஊர்தான் ஒருவரை ஒருவர் வெட்டிச் சாய்த்து அழிந்தது என்று அவர் வாதிட்டார். காரணம் அதுதானா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் ஊர் வீரர், ஊர்த் தெய்வம், ஊர்ப் பிள்ளைகள், பாட்டு என்ற அந்தக் கோவையைப் படிக்கும்போது நம் முத்தாரம்மன் கோயில் முற்றம் கண்முன் வருகிறது.

நான்காவது காரணம்தான் கனமானது: இந்தப் பாட்டுகள் சாதி நினைவைக் கிளறுகின்றன. சுலபமாகத் தள்ளக்கூடிய வாதம் அன்று இது. அடையாளத்தைப் பாடும் இசை போருக்கும் அழைக்கும்; ஸ்பார்ட்டாவில் திர்தேயஸின் பாடல்கள் அந்த வேலையைச் செய்தன. ஆனால் நம் வில்லில் தெய்வமாக எழுவது யார்? பெரும்பாலும் கொல்லப்பட்டவர்கள், வெட்டுப்பட்ட வாதைகள். முத்துப்பட்டன் கதையில் பிராமண இளைஞன், செருப்புத் தைக்கும் சாதியைச் சேர்ந்த வாலப்பகடையின் பெண்கள் இருவரை மணக்கத் தன் பிறப்பின் மதிப்பைக் கழற்றி வைத்துச் செருப்புத் தைக்கிறான். அவன் சாவதும் அந்தக் குடும்பத்தின் மாடுகளைக் காக்கப் போய்த்தான். சாதியின் கொடுமையைப் பாட்டு மறைத்திருந்தால் அது சாதிக்கு உதவியிருக்கும். வில்லோ நடந்ததை நடந்தபடி, நள்ளிரவில், எல்லாச் சாதியும் நிற்கும் இடத்தில் உரக்கச் சொல்கிறது. கேட்க வசதியாக இல்லை என்பதால் அதை நிறுத்தச் சொல்வது, செத்தவரை இன்னொரு முறை மறைப்பது.

மயிலாடிப் பட்டறைகளில் கல்லில் மாடனையும் இசக்கியையும் வடிக்கிறவர்களிடம் போய்ப் பாருங்கள். உளி தரக்கூடியது உருவமும் ஆயுதமும்தான். இந்த இசக்கி எந்த ஊர்ப் பெண், யாரால், எங்கே இறந்தாள் என்பதைக் கல் சொல்லாது. அது பாட்டில் இருக்கிறது. பாட்டு போனால் சிலைக்கு ஊர் போய்விடும்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். 1956 நவம்பர் 1 வரை நாஞ்சில் நாடு மலையாளம் ஆட்சிசெய்த சமஸ்தானத்திலும் மாநிலத்திலும் இருந்தது. அந்தக் காலம் முழுவதும் கொடைப் பந்தலில் விடிய விடிய ஒலித்தது தமிழ். இத்தாலியில் பொசிடோனியா என்ற கிரேக்க நகரத்தார் அந்நியரிடம் தம் மொழியையும் வழக்கத்தையும் இழந்த பின், ஆண்டுக்கு ஒரு திருவிழாவில் மட்டும் கூடி, பழைய பெயர்களை நினைத்து அழுது கலைந்தார்கள் என்று இசையறிஞர் அரிஸ்டாக்சினஸ் குறித்திருக்கிறார். நமக்கு அந்த அழுகை வரவில்லை. இந்த மண்ணைத் தமிழ்நாட்டோடு இணைக்கப் போராடிய நேசமணிக்கு நன்றி சொல்லும்போது, அதற்கு முன் மொழியை முற்றங்களில் வைத்திருந்த வில்லுக்காரர்களுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒரு சமாதானம்: எல்லாவற்றையும் பதிவு செய்தாயிற்று, யூடியூப்பில் இருக்கிறது, இனி என்ன கவலை. ரோமில் சிசரோ எழுதிய வருத்தம் இதற்குப் பதில். முன்னோர் காலத்து விருந்துகளில் பெரியோர் புகழைப் பாடிய பாடல்கள் இருந்தன என்று அவருக்கு முந்தைய கேட்டோ என்பவர் எழுதி வைத்திருந்தார். அந்தப் பாடல்கள் இன்று இருந்திருந்தால் என்று சிசரோ ஏங்கினார். அப்படிப் பாடியதுண்டு என்ற குறிப்பு எழுத்தில் நின்றது, பாட்டு போயிற்று. விருந்தில் பாடும் வழக்கம் நின்றதும் பாட்டுக்கு நிற்க இடமில்லை.

நம் கொடைகளில் நடப்பது அதுவேதான். இன்னிசைக் கச்சேரிக்கு நேரம் வேண்டும் என்று வில்லுப்பாட்டை இரண்டு மணி நேரமாகச் சுருக்குகிறார்கள். முதலில் போவது நாட்டுவளம், அடுத்தது கிளைக்கதை, பிறகு சாவுக் காட்சி மட்டும் மிஞ்சும். 2018-இல் மறைந்த பூங்கனி அம்மாள் போன்ற பாடகியர் பெண்ணாகப் பிறந்தும் அந்த வில்லின்முன் அமர்ந்து முழுக்கதையும் சொன்ன மாவட்டம் இது. கோயில் கமிட்டிகள் செய்ய வேண்டியது பெரிய செலவுள்ள காரியம் அன்று. வரும் பங்குனியில் ஒரு கதையையாவது காப்பிலிருந்து வாழி வரை குறைக்காமல் பாட விடுங்கள். குடத்துக்கும் தாளத்துக்கும் உள்ளூர்ப் பிள்ளைகள் இரண்டு பேரை உட்கார வையுங்கள். கதை ஏடு எந்த வீட்டுப் பரணில் இருக்கிறது என்று விசாரித்து, கரையான் முந்திக்கொள்ளும் முன் படியெடுங்கள்.