தாய்வழி உரிமையைப் பறிப்பது யார்?

மேகாலயாவில் காசி, ஜெயந்தியா, காரோ மலைமக்கள் இன்றும் தாய்வழியில் வாழ்கிறார்கள். பிள்ளைகளுக்குத் தாயின் குலப்பெயரே வருகிறது. காசி மக்களிடையே பூர்வீக வீடும் சொத்தும் கடைசி மகளைச் சேருகின்றன.

இதைக் காட்டி, "அங்கே பெண்ணாட்சி நடக்கிறது, ஆண்கள் சீரழிகிறார்கள்" என்று சிலர் கூக்குரலிடுகிறார்கள். இம்முறையை ஒழிக்க 1990-ல் ஷில்லாங்கில் ஆண்கள் சங்கமே தோன்றியது.

உண்மை என்ன? கடைசி மகள் சொத்துக்குக் காவல்காரி, எஜமானி அல்ல. உற்றார் சம்மதமின்றி அவள் பூர்வீக நிலத்தை விற்க முடியாது. வயதான பெற்றோரைப் பராமரிப்பதும், நொடித்துப்போன உறவினருக்கு இடங்கொடுப்பதும் அவள் கடமை. ஏழைக் குடும்பத்தில் அவளுக்குச் சேருவது அந்தப் பாரம் மட்டுமே! குடும்பக் காரியங்களில் தாய்மாமன் சொல்லுக்கே மதிப்பு. தர்பார் என்னும் ஊர்ச்சபையில் பரம்பரையாகப் பெண்ணுக்கு இடமில்லை. 2023 தேர்தலில் 60 இடங்கள் கொண்ட சட்டசபைக்குத் தேர்வான பெண்கள் 3 பேர்தான். இதுவா பெண்ணாட்சி?

உண்மையான தாக்குதல் வேறு திசையிலிருந்து வருகிறது. காசி மலைகளில் ஊர்ப்பொது நிலம் உண்டு. பயிரிடாமல் விட்டால் அது ஊருக்கே திரும்பும் என்பது பழைய வழக்கம். இன்று நிலம் விலைச்சரக்காகிவிட்டது. நிலக்கரியும் சுண்ணாம்புக்கல்லும் இருக்கும் இடங்களில் பொதுநிலம் தனியார் கைக்குப் போகிறது. மனிதன் தவழ்ந்து போகும் 'எலிவளை'ச் சுரங்கங்களை 2014-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடை செய்தது. லாப வெறியர்கள் அதை மதித்தார்களா? 2018 டிசம்பரில் ஜெயந்தியா மலையில் ஒரு சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 15 தொழிலாளர்கள் மாண்டார்கள்.

அதே ஆண்டு ஜூலையில் காசி மலை சுயாட்சி மாவட்டக் கவுன்சில் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. காசி அல்லாதவரை மணக்கும் பெண்ணும் அவள் பிள்ளைகளும் காசி என்ற தகுதியையே இழப்பார்கள் என்றது அது. நிலத்தைக் காக்க இது வேண்டும் என்றார்கள். பொதுநிலத்தை வளைத்தவன் யார், கலியாணம் செய்துகொண்ட பெண்ணா?

தனிச்சொத்து வளர்ந்தபோதே தாயுரிமை வீழ்ந்தது என்று 1884-ல் எங்கெல்ஸ் விளக்கினார். காசி மலையில் நாம் காண்பதும் அதுவே. மணமகனின் சாதியையும் குலத்தையும் காட்டிப் பெண்ணை மிரட்டுவதும், நிலத்தைப் பெரும்புள்ளிகள் விழுங்குவதும் உழைப்பாளிகளுக்குப் புதிதல்ல.

பழமை முழுவதையும் போற்ற வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. தர்பாரில் பெண்ணுக்குச் சம இடம் வேண்டும். நிலமற்ற ஆணுக்கும் பெண்ணுக்கும் நிலம் வேண்டும். பொதுநிலம் ஊருக்கே மீள வேண்டும். காசி உழைப்பாளியின் சண்டை அவன் தங்கையோடு அல்ல, நிலத்தைப் பறிப்பவனோடுதான்!