கார்டைக் கழட்டுறதுக்கு முன்னாடி

போன வருஷம் இன்பிளான்ட் ட்ரெய்னிங்குக்கு வேடசந்தூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுக்குப் போயிருந்தேன். மூணாவது நாள் எச்-பிளான்ட் நின்னுபோச்சு. மில்லுக்குள்ள ஈரப்பதத்தைக் கட்டிக் காக்குறது அதுதான். அது நின்னா காத்து காய்ஞ்சு, ரிங் பிரேம்ல நூல் அறுந்துகிட்டே இருக்கும். அங்க நிக்கிற அக்காங்க ஓடி ஓடி ஒட்டணும்.

பேனலைத் திறந்தா சீமென்ஸ் எஸ்7-300 பிஎல்சி. எஸ்எஃப் லைட் சிவப்பா எரியுது, ஸ்டாப் லைட் மெதுவா மினுக்குது. "மெமரி போச்சு போல"ன்னு யாரோ சொன்னாங்க. நான் கெத்தா மெமரி கார்டைக் கழட்டி என் லேப்டாப்புல சொருகினேன். ஃபார்மட் பண்ணவான்னு விண்டோஸ் கேட்டுச்சு. பண்ணுன்னு கிளிக் பண்ணிட்டேன்.

சிரிக்காதீங்க, உங்கள்ல பாதிப் பேர் இதையேதான் பண்ணியிருப்பீங்க. அந்தக் கார்டு பார்க்க கேமரா கார்டு மாதிரியே இருக்கும். ஆனா விண்டோஸ்ல ஃபார்மட் பண்ணினா அதோட உள்அமைப்பு அழிஞ்சுடும். அப்புறம் பிஎல்சிக்கு அது செல்லாக்காசு. கார்டு இல்லாம அந்த சிபியு ஓடாது. புது கார்டு வர்ற வரைக்கும் எலக்ட்ரீஷியன் அண்ணன் ஃபேனையும் பம்பையும் மேனுவல்ல ஓட்டிச் சமாளிச்சார். ட்ரெய்னிக்கு யாரும் மெமோ கொடுக்க மாட்டாங்க. மெமோ அண்ணனுக்குப் போச்சு.

அந்த மினுக்கலுக்கு அர்த்தம் மெமரி செத்துப்போச்சுங்கிறது கிடையாது. 'மெமரி ரீசெட் பண்ணு'ன்னு சிபியு கேக்குது, அவ்வளவுதான். கார்டைக் கழட்டி மாட்டினாலும் அப்படிக் கேக்கும். நல்ல கார்டு உள்ளே இருந்தா, ரீசெட் பண்ணினதும் புரோகிராம் அதுலேர்ந்து திரும்ப ஏறிக்கும். அதுக்கும் முன்னாடி பார்க்க வேண்டியது டயக்னாஸ்டிக் பஃபர். என்ன நடந்துச்சு, எத்தனை மணிக்கு நடந்துச்சுன்னு சிபியு தானே எழுதி வைக்கிற டைரி அது. மெமரி ரீசெட் பண்ணினாலும் அழியாது. சாயங்காலம் சர்வீஸ் ஆள் வந்து கேபிளைச் சொருகிப் படிச்சார். கரண்ட் விட்டு விட்டு வந்ததா வரிசையா பதிவு. 24 வோல்ட் சப்ளை வயர் டெர்மினல்ல லூஸ். ஒரு ஸ்க்ரூடிரைவர் வேலை.

பழைய மாடல்கள்ல இன்னொரு வம்பு. புரோகிராம் ராம்ல இருக்கும். கரண்ட் இல்லாதப்போ அதைத் தாங்குறது ஒரு சின்ன லித்தியம் பேட்டரி. பேட்டரி செத்த அன்னிக்கு ஒண்ணுமே தெரியாது, மெஷின் பாட்டுக்கு ஓடும். தீபாவளி லீவுக்கு மெயினை ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஆன் பண்றப்போதான் புரோகிராம் காலின்னு தெரியும். பேட்டரி லைட் எத்தனை நாளா எரிஞ்சுதுன்னு அப்ப யாருக்கும் ஞாபகம் இருக்காது. பழி மெமரி மாட்யூல் மேல விழும்.

எல்கேஜியிலேர்ந்து இங்கிலீஷ் மீடியம் நான். வோலடைல் மெமரின்னா என்னன்னு ரெண்டு மார்க்குக்கு அழகா எழுதுவேன். அண்ணன்கிட்ட தமிழ்ல சொல்ல வரல. "கரண்ட் போனா மறந்துடும், அதானே தம்பி?"ன்னு அவர்தான் முடிச்சு வச்சார்.

நம்ம லேப்ல டிராஃபிக் சிக்னல், லிஃப்ட், பாட்டில் ஃபில்லிங்னு லேடர் போட்டு ரன் ஆனா மார்க். ரன் ஆகாத பிஎல்சியை நாம பார்த்ததே இல்ல. சிமுலேட்டர் இருக்கேன்னு சொல்வாங்க. சிமுலேட்டர்ல பஞ்சு அடையாது, வயர் லூஸ் ஆகாது. எஸ்7-300 வரிசையை சீமென்ஸ் படிப்படியா நிறுத்த ஆரம்பிச்சிடுச்சு. மில்காரங்க அதுக்காக ஓடுற மெஷினைத் தூக்கிப் போட மாட்டாங்க. நாம வேலைக்குப் போற இடத்துல நமக்காகக் காத்திருக்கிறது பழசுதான்.

பசங்க கையில கொடுத்தா உடைச்சிடுவாங்கன்னு ஒரு பயம் இருக்கு. நியாயமான பயம்தான், நானே சாட்சி. ஆனா டிபார்ட்மென்ட் அலமாரியில பேட்டரி செத்த பழைய கிட் ஒண்ணு சும்மாதானே தூங்குது? அதுல சார் ஒரு வயரை லூஸாக்கி வைக்கட்டும், கார்டைப் பாதி சொருகி வைக்கட்டும். கண்டுபிடிக்கிறவங்களுக்கு மார்க், படிக்காம கார்டைத் தொட்டா ஜீரோ. இதையே எச்ஓடி சாருக்கு லெட்டரா எழுதி வச்சிருக்கேன். கையெழுத்து போடுறவங்க புதன்கிழமை லேப் முடிஞ்சதும் வாங்க.